பிளசர் காரும் பொற்காலமும்

அன்புக்கு அடிப்படை அழகு என்பார் உண்டு. பயன் என்பாரும் உண்டு. அழகும் பயனும் அரைகுறையாக அமைந்த ஒன்றின்மீதும் மனிதன் ஆறாத அன்பு கொள்கிறானே, அது எதனால்? அந்த அன்பு எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது? இந்த வினாவை ஆராய ஏட்டுச் சுவடிகளைப் புரட்ட வேண்டியதில்லை. மதுரையில் ஐம்பதைக் கடந்த ஒருவரிடம், “உங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த கார் எது?” என்று கேட்டால் போதும்.

கேட்ட மாத்திரத்தில் முகம் மலரும். அம்பாசிடர் என்பார் ஒருவர். பியட் என்பார் மற்றொருவர். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பார் வேறொருவர். சற்று இளையவராயின் மாருதி 800 என்பார். இவற்றுள் ஒன்றேனும் உலகம் வாய்பிளந்து நோக்கிய ஊர்தி அன்று. அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறு உருவம். 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தோன்றி, 2014 மே மாதம் வரை ஏறத்தாழ அதே தோற்றத்தோடு வந்துகொண்டிருந்தது. பியட், இத்தாலி நாட்டு 1100 வகை. பம்பாயில் உருவாகிப் பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பூண்டது. ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் செய்யப்பட்டது. மாருதி, 1983 டிசம்பரில் வெளிவந்த 796 சி.சி. சிறுவண்டி.

இவற்றுக்கெல்லாம் நம் சிற்றூர்கள் சூட்டிய பொதுப்பெயர் ‘பிளசர்’. இன்பம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. சுமைக்கும் வாடகைக்கும் அன்றிச் சொந்த உல்லாசத்துக்கு வைத்துக்கொள்ளும் வண்டி என்பதால் வந்த பெயர். ஆனால் அந்த வண்டிகள் தந்த இன்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

சித்திரை வெயிலில் திருமங்கலத்தைத் தாண்டிய கரிசல் வெளியில் வண்டி திடுமென நிற்கும். பெட்ரோல் பம்பு சூடேறிவிட்டது என்பார் டிரைவர். ஈரத்துணியை அதன்மேல் சுற்றிவிட்டு, வேப்பமர நிழலில் குடும்பமே காத்திருக்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதிக்கும். சக்கரத்தின் பின்னே கல்லை வைத்துவிட்டு ஒருவர் தண்ணீர் தேடி ஓடுவார். மார்கழிக் காலையில் எஞ்சின் உயிர்பெறாது. தெருவே திரண்டு வந்து தள்ளும். மழை பெய்தால் கூரை வழியே நீர் சொட்டும். இத்தனையையும் சொல்பவர் சினந்து சொல்வதில்லை, சிரித்துச் சொல்கிறார். குறைகளையே கொஞ்சுகிறார்!

இந்த அன்பு மடமையா? இல்லை என்கிறோம். பகுத்தறிவு என்பது நெஞ்சைப் பூட்டி வைப்பதன்று. தனக்கு உழைத்த பொருளை நன்றியோடு நினைப்பது மனிதப் பண்பு. அதைக் கேலி செய்பவன் அறிவாளி ஆகமாட்டான்.

அன்பிலே குற்றம் இல்லை. அன்பிலிருந்து எடுக்கும் முடிவிலேதான் குற்றம் நுழைகிறது. “அந்தக் கார் எவ்வளவு அருமை!” என்று தொடங்கும் பேச்சு, “அந்தக் காலம்போல் வருமா?” என்று முடிகிறது. முன்னது நினைவு. பின்னது தீர்ப்பு. நினைவுக்குச் சான்று வேண்டியதில்லை. தீர்ப்புக்குச் சான்று வேண்டும். ஆகவே, அந்தத் தீர்ப்பைச் சான்றுகளின் முன் நிறுத்துவோம்.

முதலாவது, உயிர்ப் பாதுகாப்பு. அன்றைய காரில் எத்தனை பேர் ஏறினோம் என்று பெருமை பேசுகிறோம். முன் இருக்கையில் மூவர், பின்னால் ஐவர், மடியிலே குழந்தைகள். இருக்கைப் பட்டை கிடையாது. காற்றுப்பை கிடையாது. மோதினால் ஸ்டீயரிங் தண்டே மார்பைத் தாக்கும். முன் இருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம் என்ற விதி இங்கே முழுமையாக நடைமுறைக்கு வர 2022 ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. நாம் பிழைத்து வந்து கதை சொல்கிறோம். பிழைக்காதவர் கதை சொல்ல வருவதில்லை. பழமையின் புகழ்மாலை எப்போதும் தப்பிப் பிழைத்தவரின் கையாலேயே தொடுக்கப்படுகிறது என்பதை மறக்கலாமா?

இரண்டாவது, காற்று. “அந்தப் பெட்ரோல் வாசனை!” என்று மூக்கை உறிஞ்சி மகிழ்வோர் உளர். எஞ்சின் இடிக்காமல் ஓடுவதற்காக அந்நாளைய பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அந்த ஈயம் புகையோடு வெளியேறிக் குழந்தைகளின் குருதியில் புகுந்து, மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் என்ற நிலை 2000 பிப்ரவரியில்தான் வந்தது. உலகில் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021 இல் அதனைக் கைவிட்டது. மணத்தை நினைவு வைத்திருக்கிறது மூக்கு. நஞ்சை அது அறிந்ததே இல்லை. நினைவு பொய் சொல்லவில்லை, ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை.

மூன்றாவது, நம் பற்றுறுதி. இருபது ஆண்டுகள் ஒரே காரை வைத்திருந்தோம், இன்றைய இளைஞர் ஐந்தாண்டுக்கு ஒன்று மாற்றுகிறார் என்று குறைகூறுகிறோம். உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட அந்நாளில், முன்பணம் கட்டியவர் காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார். விற்றுவிட்டால் வேறொன்று எளிதில் கிடைக்காது. வேறு வழி இல்லாததால் வைத்திருந்தோம். வைத்திருந்ததைப் பற்றுறுதி என்கிறோம். இந்த ஏமாற்று நமக்குப் புதிதா? மணவிலக்கு உரிமையும் சொத்துரிமையும் இல்லாத பெண், கொடுமைக்காரக் கணவனோடு வாழ்நாளெல்லாம் கழித்தாள். அதற்குக் கற்பு என்று பெயரிட்டுக் கோயில் கட்டவில்லையா? வெளியேறும் வாயிலை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவரின் பொறுமையைப் போற்றுவது பழமையின் பழைய தந்திரம்.

நான்காவது, மக்களின் செயல். ஒரு பொருளை மக்கள் உண்மையிலேயே உயர்ந்ததென எண்ணுகிறார்களா என்பதை அவர்கள் சொல்லால் அறிய முடியாது. வாய்ப்புக் கிடைத்தபோது என்ன செய்தார்கள் என்பதால் அறியலாம். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. வண்டிகளில் கரிக்கலம் பொருத்தி, கரி அரைகுறையாக எரியும்போது எழும் வாயுவைக்கொண்டு எஞ்சினை ஓட்டினர். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய வாயுக்கலங்களைச் செய்து தந்தது. அருமையான அறிவுத்திறன்! இடுக்கண் வந்தபோது இயற்றப்பட்ட விடை! கரிவண்டிக் காலத்தைக் கண்ட முதியோர் அதனைச் சுவையோடு விவரிப்பார்கள். ஆனால் பெட்ரோல் திரும்ப வந்ததும் என்ன நடந்தது? கலத்தைக் கழற்றிப் போட்டார்கள். கரிதான் நம் மரபு, கரியைக் கைவிடுவது முன்னோரைப் பழிப்பதாகும் என்று ஒருவரும் வாதாடவில்லை. வண்டியைப் பற்றிய மட்டில் நம் மக்கள் முழுப் பகுத்தறிவாளராகவே இருந்திருக்கிறார்கள்.

அவ்வாறாயின், நாம் உண்மையில் எதை நேசிக்கிறோம்?

கிரேக்கத்துப் பேரறிஞர் புளூட்டார்க் ஒரு கப்பலைப் பற்றிக் குறிப்பிட்டார். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு மக்கள் போற்றிப் பாதுகாத்தனர். பலகை உளுக்க உளுக்கப் புதுப் பலகை பொருத்தினர். எல்லாப் பலகையும் மாறிய பின்னும் அது அதே கப்பல்தானா? அறிஞர்கள் இதை வைத்து வாதிட்டார்கள். நம் ஊர் அம்பாசிடரைக் கண்டிருந்தால் அவர்கள் வாதம் இன்னும் சூடேறியிருக்கும். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். கதவை மாற்றினார்கள். தரைத்தகட்டை வெட்டி ஒட்டினார்கள். மூன்று முறை வண்ணம் தீட்டினார்கள். ஆயினும் உரிமையாளர், “எங்கள் அப்பா வாங்கிய அதே வண்டி” என்றார். அவர் சொன்னது பொய்யன்று. அவர் நேசித்தது இரும்பை அன்று. அந்த இரும்புக்குள் கழிந்த தம் வாழ்வை. அப்பாவின் தோளை, அம்மாவின் சோற்றுப் பொட்டலத்தை, யானைமலை தெரிந்ததும் ஊர் வந்துவிட்டதெனக் கூவிய தம் இளமையை.

இந்த உண்மை விளங்கிவிட்டால், நன்றி யாருக்கு உரியது என்பதும் விளங்கும். அந்த வண்டியை ஓட வைத்தவர் யார்? கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, மாட்டிய மெக்கானிக். நசுங்கிய தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி உருவாக்கிய டிங்கர் பட்டறைத் தொழிலாளி. இரவெல்லாம் கண்விழித்து ஓட்டிவிட்டு, வீட்டார் உணவருந்தும்போது வாசலில் நின்ற டிரைவர். ஆயுத பூசையன்று காருக்குச் சந்தனம், காருக்குக் குங்குமம், சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம் நசுங்கினால் பிரேக் பிடிக்குமா? பிடித்தது மெக்கானிக்கின் விரல் வண்மையால் அன்றோ? அவருடைய கூலியில் பேரம் பேசிய கையே காருக்குக் கற்பூரம் காட்டியது. காரின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வீடுகளில் டிரைவரின் பெயரையாவது நினைவு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. காருக்குள் அமர்ந்தவனின் நினைவு ஒன்று. அது கிளப்பிய புழுதியைக் குடித்தவனின் நினைவு எது? “எங்கள் காரில்தான் ஊரிலுள்ள பிள்ளைத்தாய்ச்சிகளை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்” என்று பெருமையோடு சொல்லும் குடும்பங்கள் உண்டு. நல்ல செயல்தான், அந்த நெஞ்சுக்கு வணக்கம். ஆயினும், வலியால் துடிக்கும் மனைவியை விட்டுவிட்டு, நள்ளிரவில் பெரிய வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவனும் அந்த இரவை நினைவு வைத்திருக்கிறான். கதவு திறக்குமா என்பது அவனுடைய அச்சம். கதவைத் திறந்தோம் என்பது இவருடைய பெருமை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சு ஓடத் தொடங்கியது. அன்று முதல் அது யாருடைய அருளும் அன்று. எண்ணைச் சுழற்றியவனின் உரிமை. அதே 2008 மே மாதத்தில், மதுரை மாவட்டம் எழுமலையை அடுத்த உத்தப்புரத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்து வழி திறந்தது. சுவருக்கு அப்பால் காரில் உலவியவரும், சுவருக்கு இப்பால் சுற்றி நடந்தவரும் ஒரே காலத்தில்தான் வாழ்ந்தார்கள். ஒரே பொற்காலத்திலா வாழ்ந்தார்கள்?

பழமையில் நல்லதே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஹெரால்டின் முன்மூடியைத் தூக்கினால் முகப்பு முழுவதும் முன்னோக்கிக் கவிழும். எஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்தே பட்டறைச் சிறுவர்கள் தொழில் கற்றார்கள். இன்றைய வண்டியின் மின்னணு மூளையைத் திறக்க, அதைச் செய்த நிறுவனத்தின் தயவு வேண்டும். இந்த ஒன்றில் பழையது மேல் என்போம், தயங்காமல் சொல்வோம். ஆனால் அதற்காகப் பழைய காருக்குத் திரும்புவதா? அல்ல. பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் எனப் புதிய காரிடம் கேட்பதே வழி. மேலைநாடுகளில் எழுந்த அந்தக் கோரிக்கையை ஆராய இந்திய அரசும் 2022 இல் ஒரு குழுவை அமைத்தது. பழமையிலிருந்து நன்மையைப் பிரித்தெடுத்து எதிர்காலத்துக்குக் கொண்டுசெல்வது அறிவு. நன்மையைக் காட்டி முழுப் பழமையையும் நம் தலையில் ஏற்றுவது சூழ்ச்சி.

தோழர்களே! பழைய காரைப் பற்றிப் பேசும்போது எவரும் ஏமாறுவதில்லை. அன்போடு நினைப்பார்கள்; பயணத்துக்குப் புதிய வண்டியில் ஏறுவார்கள். ஆனால் சாதி என்றால், சடங்கு என்றால், பெண்ணுக்கு இட்ட தடை என்றால், அதே மனிதர் வேறு பேச்சுப் பேசுகிறார். “பாட்டன் காலத்தது, அதைத் தொடலாமா?” என்கிறார். பாட்டன் ஓட்டிய காரின் பிரேக் தேய்ந்தால் மாற்றுகிறவர், பாட்டன் விதித்த கட்டுப்பாடு மனிதரை நசுக்கும்போது மட்டும் கைகட்டி நிற்பது ஏன்?

அவரிடம் சினந்து பேசாதீர்கள். அவர் வீட்டு முதல் காரைப் பற்றிக் கேளுங்கள். மனம்நிறையச் சொல்லவிடுங்கள். ஈரத்துணியையும், கொதித்த ரேடியேட்டரையும், தெருவே தள்ளிய காலையையும் அவரோடு சேர்ந்து சுவையுங்கள். பிறகு அமைதியாகக் கேளுங்கள்: “இவ்வளவு அன்பு வைத்தும், உங்கள் பேரப்பிள்ளையைப் பட்டை இல்லாத அந்த இருக்கையில் அமர்த்தி நெடுஞ்சாலையில் அனுப்புவீர்களா?”

மாட்டேன் என்பார். அந்த ஒரு சொல்லில் நம் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. நேசிப்பது வேறு, கீழ்ப்படிவது வேறு. பழையதற்கு நம் நெஞ்சில் இடம் தருவோம். நம் பிள்ளைகளின் பாதையில் அதைக் குறுக்கே நிறுத்த இடம் தரமாட்டோம்.