போற்றப்பட்டவர் தவறிழைத்த பின்

1991 டிசம்பர் 10 அன்று ஓஸ்லோவில் ஆங் சான் சூச்சிக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, அவர் ரங்கூனில் வீட்டுக்காவலில் இருந்தார். அவர் சார்பில் மகன்கள் இருவரும் போய் வாங்கிக்கொண்டார்கள். 2019இல் அதே டிசம்பர் 10 அன்று அவர் ஹேக் நகரில், சர்வதேச நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். மியான்மர் ராணுவம் ரோஹிங்யா முஸ்லிம்களைக் கொன்றதையும், பெண்களைச் சீரழித்ததையும், ஊர் ஊராகக் கொளுத்தியதையும் வழக்குத் தொடுத்த காம்பியா நாட்டுத் தரப்பினர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, முகத்தில் சலனமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் எழுந்து, இனப்படுகொலை என்ற குற்றச்சாட்டு அரைகுறையானது, திசைதிருப்புவது என்று தன் நாட்டுக்காக வாதாடினார். பதினான்கு மாதம்கூட ஆகவில்லை, அவர் யாருக்காக வாதாடினாரோ அந்த ராணுவமே ஆட்சியைப் பிடித்து அவரை மறுபடி சிறைவைத்தது. உரிமைப் போராட்டத்தின் முகமாக ஒருவரைப் போற்றியவர்கள், அவர் பிறர் உரிமைக்கு எதிராகப் போய் நின்றால் என்ன செய்ய வேண்டும்? அவருடைய உரிமையே பறிபோகும்போது என்ன செய்ய வேண்டும்? இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்று தோன்றுகிறது: போற்றுதல் ஒருவர் செய்த செயலுக்கு உரியது, உரிமையோ செயலைப் பார்த்துக் கொடுப்பதல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில்தான் பிசகு நேர்ந்தது.

முதலில், அவர்மேல் உலகம் வைத்த மதிப்பு ஏமாந்து வைத்ததல்ல. 1989 முதல் 2010 வரையிலான 21 ஆண்டுகளில் ஏறத்தாழ 15 ஆண்டுகளைக் காவலில் கழித்தவர் அவர். 1999இல் கணவர் மைக்கேல் ஆரிஸ் இங்கிலாந்தில் புற்றுநோய் முற்றிப் படுத்திருந்தபோது, கடைசியாக ஒருமுறை மனைவியைப் பார்க்க விசா கேட்டார். ராணுவ அரசு கொடுக்கவில்லை. வேண்டுமானால் மனைவி போய்ப் பார்க்கட்டும் என்றது. போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று தெரிந்ததால் அவர் போகவில்லை. பிற்பாடு நடந்ததை வைத்து இதையும் வேஷம் என்று சொல்வது நேர்மையாகாது. அவரது நோபல் பரிசைப் பறிக்கச் சொல்லி லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். நோபல் விதிகளில் அதற்கு இடமில்லை. இருந்திருந்தாலும் பறித்திருக்க வேண்டியதில்லை. 1991 வரை அவர் செய்ததற்காகக் கொடுத்த பரிசு அது, அந்தச் செயல் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மனசாட்சியின் தூதர் என்று கொடுத்த விருதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2018 நவம்பரில் திரும்பப் பெற்றது சரி. தூதர் பட்டம் பழைய செயலுக்கான நன்றி மட்டுமல்ல. இன்றைக்கும் எங்கள் பெயரால் பேசுகிறவர் இவர் என்று ஓர் அமைப்பு தரும் உறுதி. அந்த உறுதியை அவர் பொருட்டு இனிக் கொடுக்க முடியாத நிலை வந்துவிட்டது.

அவருக்காக வாதிடுபவர்கள் சொல்வது லேசானதல்ல. சூச்சியின் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகும், 2008 அரசியல் சாசனப்படி நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடம் ராணுவத்துக்கு. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றும் ராணுவத்தின் கையில். 2017 ஆகஸ்ட் 25இல் ரோஹிங்யா ஆயுதக் குழுவொன்று காவல் நிலையங்களைத் தாக்கியதைச் சாக்காக வைத்து ரோஹிங்யாக்கள் வாழும் ராக்கைன் மாநிலத்தில் ராணுவம் இறங்கியபோது, அவர்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதைத் தடுக்கும் அதிகாரம் சூச்சிக்கு இல்லை என்கிறார்கள். இல்லைதான். ஆனால் தடுக்க முடியாமல் போனது அவர்மேல் உள்ள குறை அல்ல. 2016 இறுதியில், ராணுவத்தினர்மீது ரோஹிங்யா பெண்கள் சொன்ன புகார்களை ‘பொய்யான வல்லுறவு’ என்று கொட்டை எழுத்தில் வெளியிட்டது அவருடைய அலுவலகம். இன் தின் கிராமத்தில் 10 ரோஹிங்யா ஆண்கள் கொன்று புதைக்கப்பட்டதைத் துப்புத் துலக்கிய ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் இருவருக்கு, 1923ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கால அரசாங்க ரகசியச் சட்டத்தின்படி 7 ஆண்டு சிறை விதித்தார்கள். பத்திரிகையாளர்கள் என்பதற்காக அல்ல, சட்டத்தை மீறியதற்காகவே தண்டனை என்று ஹனோயில் பலர் முன்னிலையில் அதை நியாயப்படுத்தினார் சூச்சி. அந்தச் செய்தியாளர்கள் பதினாறு மாதங்களுக்கு மேல் உள்ளே கிடந்தார்கள். கொலை செய்ததற்காக 10 ஆண்டு தண்டனை பெற்ற படைவீரர்கள் ஏழு பேரோ ஓர் ஆண்டு முடியுமுன்பே வெளியே வந்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் சொல்லச் சொல்லிச் சாசனம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஹேக் நகருக்கும் அரசு வழக்கறிஞரை அனுப்பிவிட்டு அவர் ஊரிலேயே இருந்திருக்கலாம்.

முகமில்லாமல் எந்த இயக்கமும் எழாது என்று இன்னொரு தரப்பு சொல்லும். உண்மைதான். பர்மியச் சிறைகளில் பெயர் தெரியாமல் கிடந்த ஆயிரக்கணக்கானோர்மீது உலகத்தின் கவனம் கொஞ்சமாவது விழுந்ததற்கு ஏரிக்கரை வீட்டில் அடைபட்டிருந்த அந்த ஒரு பெண்ணே காரணம். ஆனால் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2012 கலவரத்துக்குப் பிறகே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் ராக்கைன் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களைக் குடிமக்களாக ஏற்காத 1982 குடியுரிமைச் சட்டம் அப்படியே இருந்தது. 1960களில் பர்மாவில் சொத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, ‘நீ இந்த மண்ணுக்காரன் இல்லை’ என்று ஓர் அரசு சொல்வது எப்படியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. இத்தனையும் இருக்க, 2016 செப்டம்பரில் சூச்சி வாஷிங்டன் சென்றபோது, அமெரிக்கா மியான்மர்மீதான பொருளாதாரத் தடைகளை விலக்கப்போவதாக அறிவித்தது. நாடு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அளக்க அவர் ஒருவரே அளவுகோல் ஆகிவிட்டிருந்தார். முகம் தேவைதான், அந்த முகம் கைகாட்டாத இடத்தையும் போய்ப் பார்க்கும் பழக்கம் அதைவிடத் தேவை. அது அன்று இல்லாமல் போயிற்று.

2021 பிப்ரவரி 1 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு அவர்மேல் முதலில் போட்ட வழக்கு, வாக்கி-டாக்கிகளைச் சட்டவிரோதமாக இறக்குமதி செய்தார் என்பது. அடைத்த கதவுக்குள் விசாரணை நடந்தது, வெளியே பேசக்கூடாது என்று வழக்கறிஞர்களின் வாயைக் கட்டினார்கள், தண்டனை மேல் தண்டனையாக 33 ஆண்டு விதித்தார்கள். 2023 ஆகஸ்டில் அதை 27 ஆகக் குறைத்தார்கள். வினை விதைத்தவர் வினை அறுக்கிறார் என்று பலர் சொன்னார்கள். இந்தக் கோபத்தின் நியாயம் புரிகிறது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமில் பிள்ளையை இழந்து உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் போய், சூச்சிக்காகக் குரல் கொடு என்று கேட்கும் தகுதி எவருக்கும் இல்லை. ஆனால் அந்தக் கோபம் தீர்ப்பாகிவிட்டால், நேர்மையான விசாரணை என்பது நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் என்றாகும். ரோஹிங்யாக்களுக்கு உரிமை மறுத்தவர்கள் சொன்னதும் அதைத்தானே? இவர்கள் அதற்கு உரியவர்கள் அல்லர் என்பதுதானே அவர்கள் வாதம்? ஹேக்கில் பேசியதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தால், அதைத் திறந்த நீதிமன்றத்தில், வழக்கறிஞர் துணையோடு கேட்க வேண்டும். வாக்கி-டாக்கி வழக்கு அந்தக் கணக்கைத் தீர்க்காது. அதில் ரோஹிங்யாக்களுக்கு ஒரு துளி நீதியும் இல்லை.

ஆட்சிக்கவிழ்ப்பு நடந்த சில நாள்களில், வங்கதேச முகாம்களிலிருந்து ரோஹிங்யா இளைஞர்கள் எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்திப் படமெடுத்து, மியான்மர் போராட்டக்காரர்களுக்குத் தோள்கொடுத்தார்கள். மியான்மர் பக்கத்திலிருந்தும், 2017இல் வாய்மூடி இருந்ததற்குச் சிலர் சமூக ஊடகங்களில் மன்னிப்புக் கேட்டார்கள். 2021 ஜூனில், ராணுவத்துக்கு எதிராக அமைந்த தேசிய ஒற்றுமை அரசு ரோஹிங்யாக்களை அந்தப் பெயராலேயே குறிப்பிட்டு, 1982 சட்டத்தை நீக்குவதாக அறிக்கை விட்டது. சூச்சியின் கட்சிக்காரர்கள் பலர் இருந்த அந்த அரசு அதைச் சொன்னபோது சூச்சி காவலில் இருந்தார். வாக்குறுதி இன்னும் சட்டமாகவில்லை. அவருக்காகக் குரல் கொடுப்பவர்கள் அதே மனுவில் 1982 சட்டத்தை நீக்கவும் கேட்கலாம். ரோஹிங்யாக்களுக்காகப் பேசுபவர்கள், அவர்மீதான விசாரணை மூடிய அறையில் நடந்தது அநீதி என்று ஒரு வரி சேர்க்கலாம்.