சுதந்திரத்தைப் பள்ளிக்கூடம் கற்பிக்க முடியுமா?

தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராக வைத்து 1911இல் உருவாக்கப்பட்ட ‘கிழக்கின் விண்மீன்’ என்ற ஆன்மிக அமைப்பை, 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஒம்மன் நகரில் அவரே கலைத்தார். உண்மையை அடைய எந்த அமைப்பும் வழி போட்டுத் தர முடியாது, குருவைச் சார்ந்திருக்கும் மனம் ஒருபோதும் விடுதலை பெறாது என்பது அவர் சொன்ன காரணம். அமைப்பை உதறிய இவரே வாழ்நாள் முழுவதும் பள்ளிகளை விடாமல் பற்றியிருந்தார். ஆந்திரத்தின் ரிஷி வேலி, காசியின் ராஜ்காட், 1969இல் இங்கிலாந்தில் தொடங்கிய ப்ராக்வுட் பார்க், 1970களில் சென்னை, கலிபோர்னியாவின் ஓஹாய், பெங்களூரு என்று அவற்றின் எண்ணிக்கை வளர்ந்தது. பள்ளி என்றால் மணி அடிக்கும், ஆசிரியர் இருப்பார், பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வு வரும். அதிகாரம் இல்லாமல் இயங்காத ஓர் இடத்தில் அதிகாரத்திலிருந்து விடுபட்ட மனம் எப்படி மலரும் என்பதே இந்தப் பள்ளிகள் எழுப்பும் தத்துவக் கேள்வி. கிருஷ்ணமூர்த்தி இதை நன்கு அறிந்திருந்தார்; 1978 செப்டம்பர் முதல் தம் பள்ளிகளுக்குத் தொடர்ந்து எழுதிய கடிதங்களில் இதே கேள்வியைப் பல கோணங்களில் திரும்பத் திரும்ப எழுப்பினார்.

அவருடைய கல்விச் சிந்தனை அச்சத்திலிருந்து தொடங்குகிறது. சென்னையில் படித்த சிறுவயதில் மந்தமான பிள்ளை என்று கருதப்பட்டு ஆசிரியரிடம் அடிபட்டவர் அவர். ஆனால் பிரம்பை எடுத்துவிட்டால் அச்சம் போய்விடும் என்று அவர் எண்ணவில்லை. ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடும்போதே அச்சம் பிறந்துவிடுகிறது. ‘அவனைப் போல் படி’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தான் என்னவாக இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு என்னவாக வேண்டும் என்ற கவலையில் மூழ்குகிறது. பரிசும் தண்டனையைப் போலவே வேலை செய்கிறது. இரண்டும் கற்பதன் மகிழ்ச்சியை விட்டுப் பயனின் மீது மனத்தைத் திருப்புகின்றன. சாதி, மதம், நாடு ஆகிய அடையாளங்களும் இதே வழியில்தான் உள்ளே இறங்குகின்றன. பயந்த மனம் ஏதேனும் ஒரு கூட்டத்தின் நிழலில் ஒண்டிக்கொள்ளப் பார்க்கும். எனவே அச்சத்தைப் புரிந்துகொள்வது அவருக்குச் சமயத்தின் வேலையாகவும் இருந்தது. வேதமும் சடங்கும் நம்பிக்கையும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி காணும் மனத்தையே அவர் சமய மனம் என்றார்.

மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி அமைந்திருக்கும் பள்ளத்தாக்கு, மழை குறைந்த, பாறைக் குன்றுகள் சூழ்ந்த நிலம். 1920களின் நடுவில் கிருஷ்ணமூர்த்தி இந்த இடத்தைத் தேர்ந்தபோது அங்கே பெரிய ஆலமரம் ஒன்று இருந்தது. சுற்றியிருந்த குன்றுகள் பெரும்பாலும் மொட்டையாக இருந்தன. பள்ளிச் சமூகம் மரம் நட்டு, நீரைத் தேக்கி, மேய்ச்சலைக் கட்டுப்படுத்திப் பல பத்தாண்டுகளில் பசுமையை மீட்டது. 1991இல் பள்ளத்தாக்கு பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் பாறைச் சரிவுகளில் மட்டுமே அரிதாகக் காணப்படும் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடிப் பறவை ஆர்வலர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். அங்கு படிக்கும் பிள்ளைக்குத் தாவரவியலும் பறவையியலும் பாடமாவதற்கு முன்பே அன்றாடப் பழக்கமாகிவிடுகின்றன.

இயற்கைக்கு இந்தக் கல்வியில் உள்ள இடம் அதைவிட ஆழமானது. மாலையில் பிள்ளைகள் மேடான ஓரிடத்தில் கூடி, சூரியன் மறைவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் ரிஷி வேலியில் உண்டு. அதற்கு அஸ்தாசல் என்று பெயர். அதில் மந்திரம் இல்லை, தியானப் பயிற்சி இல்லை, பின்னர் எழுத வேண்டிய கட்டுரையும் இல்லை. மேகத்தைப் பார்க்கும் பிள்ளையிடம் மேகம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. நன்றாகப் பார்த்தவர், சுமாராகப் பார்த்தவர் என்று அது தரம் பிரிப்பதும் இல்லை. சொல்லும் தீர்ப்பும் குறுக்கே வராமல் ஒன்றைக் கவனிக்க முடியும் என்பதைப் பிள்ளை அங்கே தானாகக் கண்டுகொள்கிறது. பிறகு அதே கவனத்தைத் தன் கோபத்தின் மீதும் பொறாமையின் மீதும் திருப்ப முடியுமா என்பதுதான் கிருஷ்ணமூர்த்தி பிள்ளைகளிடம் பேசும்போது கேட்ட கேள்வி. இந்தப் பள்ளிகளில் அதிகாரம் சிறிதும் இல்லாத ஒரே ஆசிரியர் இயற்கை என்று சொல்லலாம். அதை வெறும் அழகுப் பின்னணியாகக் கருதுபவர்கள் இந்தக் கல்வியின் மையத்தையே தவறவிடுகிறார்கள்.

மனிதர்களோடு வாழ்வது இதைவிடக் கடினம். விடுதியில் ஒன்றாக உண்டு, உறங்கி, விளையாடும் வாழ்க்கையில் சச்சரவு வராமல் இருக்காது. பன்னிரண்டு வயதுப் பையன் விளக்கணைக்கும் நேரத்திற்குப் பிறகும் சத்தம் போட்டால் என்ன செய்வது? தண்டித்தால் அச்சம் வருகிறது; விட்டுவிட்டால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் தூக்கம் கெடுகிறது. மனம்போன போக்கில் நடப்பதைக் கிருஷ்ணமூர்த்தி சுதந்திரம் என்று ஏற்கவில்லை. தன் செயல் அடுத்தவரை என்ன செய்கிறது என்று பார்க்கும் உணர்விலிருந்தே ஒழுங்கு பிறக்க வேண்டும் என்றார். அதற்கு ஆசிரியர் அந்தப் பையனோடு உட்கார்ந்து பேச வேண்டும், பேசுவதற்கு ஓய்வான நேரம் வேண்டும், தம் எரிச்சலையும் அவர் கவனிக்க வேண்டும். அதனால்தான் ஆசிரியரும் கற்பவரே என்று அவர் வலியுறுத்தினார். இந்தக் கல்வியின் பாரம் முழுவதும் ஆசிரியரின் தோளில் விழுகிறது. சம்பளத்தாலோ பயிற்சிச் சான்றிதழாலோ வாங்கிவிட முடியாத பொறுமை அது. எந்தக் கிருஷ்ணமூர்த்தி பள்ளியும் இதில் முழுமையாக வென்றுவிட்டதாகச் சொல்வது அவர் சொன்னதற்கே மாறாகும்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு வேறு விடைகளும் உண்டு. 1901இல் சாந்திநிகேதனில் தாகூர் தொடங்கிய பள்ளியில் மரத்தடி வகுப்பும் பருவ விழாவும் பாட்டும் பிள்ளையை உலகத்தோடு உறவாக்கின. காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை நடுவில் வைத்தது. தாகூருக்கு ஆனந்தமும் காந்திக்கு உழைப்பும் இருந்த இடத்தில் கிருஷ்ணமூர்த்தி கவனத்தை வைத்தார்.

எதிர்வாதங்கள் வலுவானவை. அதிகாரத்தை மறுத்தவரின் சொற்களே பள்ளியில் அதிகாரமாகிவிடும் ஆபத்து முதலாவது. 1986 பிப்ரவரி 17 அன்று அவர் மறைந்த பிறகு, பதிவுகளும் நூல்களும் மட்டும் எஞ்சிய நிலையில் அது கூடியது. சமயமே கற்பிக்காத ரிஷி வேலியின் காலைக் கூட்டத்தில் சமஸ்கிருத மந்திரங்களும் பல மொழிப் பக்திப் பாடல்களும் ஒலிக்கின்றன. இசையாகவும் மரபாகவும் அவை அங்கே இருப்பதில் தவறில்லை. ஆனால் எது மரபு, எது மனத்தைப் பழக்கப்படுத்துவது என்ற கேள்வியைப் பள்ளி தனக்குத்தானே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழ் வகுப்புகளில் ஒப்பீடு இல்லாமல் வளரும் பிள்ளை மேல் வகுப்பில் நாட்டின் தேர்வு முறைக்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். எல்லாவற்றிலும் கூர்மையானது கட்டணம் பற்றிய வாதம். இத்தகைய உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே படிக்கிறார்கள். அச்சமின்மை என்பது பணம் கொடுத்துப் பெறும் சலுகையானால், பள்ளி சொல்லும் தத்துவம் அங்கேயே நொறுங்கிவிடும்.

இந்தக் கடைசி வாதத்திற்கு ரிஷி வேலி 1980களிலிருந்து செயலில் ஒரு பதிலைத் தேடியது. சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை அமைத்து, கல்வியாளர்கள் பத்மநாப ராவும் ராமாவும் அவற்றுக்காகக் கற்றல் அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்கினார்கள். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து, அவரவர் இருக்கும் படியிலிருந்து அவரவர் வேகத்தில் மேலேறலாம். ஒரு வாரம் வயலுக்குப் போய்விட்டுத் திரும்பிய பிள்ளை விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். பின்தங்கியவர் என்ற பெயர் அதன் மீது ஒட்டாது. கிருஷ்ணமூர்த்தியின் ஒப்பீடு மறுப்பு ஓர் அட்டைப் பெட்டிக்குள் வடிவம் பெற்றது என்றால் மிகையில்லை. இந்த முறையை நேரில் பார்த்துப் பயின்ற ஆசிரியர்கள் வழியாக அது 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் சில ஆண்டுகளில் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் பரவியது. ஆசிரியர்கள் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார்கள். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கரும்பலகைகள் தீட்டப்பட்டன.

அட்டைகள் மட்டும் வந்து ஆசிரியரின் கவனம் வராத இடங்களில் அந்த முறை இயந்திரத்தனமாகத் தேய்ந்ததும் உண்மை. ஆயினும் ஒப்பீடு இல்லாத வகுப்பறை ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் உரியதில்லை என்று அது காட்டிவிட்டது. பெற்றோர்கள் தம் ஊர்ப் பள்ளியிடம் எத்தனையாவது இடம் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பிள்ளை பயமில்லாமல் கேள்வி கேட்கிறதா என்று கேட்கத் தொடங்க வேண்டும்.