சுமைக்குக் கீழே நிற்பவர்

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பழுதான மோட்டாரை வெளியே எடுப்பது எத்தகைய வேலை என்பதை வறண்ட பகுதிகளில் வாழும் நம் வாசகர்கள் நன்கு அறிவர். முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, ஐந்தாறு பேர் நாள் முழுதும் வியர்வை சிந்த வேண்டும். ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய் 300 அடிக்கு இறங்கியிருந்தால், குழாய் மட்டுமே ஏறத்தாழ 280 கிலோ. அதனுள் தேங்கி நிற்கும் நீரையும் அடியில் தொங்கும் மோட்டாரையும் சேர்த்தால் 400 கிலோவை எட்டிவிடும்.

இந்த வேதனையிலிருந்து விடுபடச் சில விவசாயிகள் தாமாகவே ஒரு வழி கண்டார்கள். பழைய இரும்புக் கடையில் சானலும் குழாயும் வாங்கி, ஊர் வெல்டிங் பட்டறையில் கொடுத்து, நீண்டதொரு கையைச் செய்து, டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் இடத்தில் பொருத்திவிடுகிறார்கள். லிஃப்ட் நெம்புகோலை அசைத்தால் ஒரு தூக்கில் குழாய் நான்கடி மேலே வருகிறது. கிணற்று வாயில் அதனைக் கிளாம்பில் இறுக்கிப் பிடித்து, கையை இறக்கி, மீண்டும் பற்றித் தூக்க வேண்டும். கடையில் வாங்கும் கருவியின் விலையில் ஒரு சிறு பங்கே செலவு.

இவ்வாறு வீட்டிலேயே செய்த கருவியைக் கொண்டு சுமை தூக்குவது அறமா? கேள்வியே மிகையானது என்று சிலர் நகைக்கக்கூடும். இரும்புக்கும் அறத்துக்கும் என்ன உறவு என்பார்கள். சுமை என்று ஒன்று இருந்தால் அதன் கீழே யாரோ ஒருவர் நிற்கிறார்; அவர் நிற்பதனால்தான் இது அறத்தின் கேள்வியாகிறது.

"ஆபத்து உண்டு, ஆகவே செய்யாதே" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் செய்யாமல் விடுவதிலும் ஒரு தீமை உண்டு. 75 கிலோ நெல் மூட்டையை முதுகில் ஏற்றிய மனிதரை நம் ஊர்களில் காணாதவர் யார்? ஒருவர் தூக்கும் சுமைக்கு 55 கிலோ என்னும் எல்லையைப் பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. தேய்ந்த முதுகெலும்பும் விலகிய மூட்டும் செய்தித்தாளில் வருவதில்லை. விபத்து மட்டுமே வருகிறது. மனிதரின் முதுகிலிருந்து சுமையை இறக்கி இரும்பின்மேல் ஏற்றுகிறவர் நன்மையே செய்கிறார். இதனை நாம் தயக்கமின்றிச் சொல்வோம்.

ஆயினும் டிராக்டரின் பின்புறத்தில் உள்ள அந்த மூன்று தண்டுகளின் வரலாற்றைச் சற்றே அறிவது நலம். 1884ஆம் ஆண்டு அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்த ஹாரி ஃபெர்கசன், அவற்றின் அடிப்படையான அமைப்புக்கு 1926இல் காப்புரிமை பெற்றார். அக்காலத்து டிராக்டர்களுக்குக் கொடிய குணம் ஒன்று இருந்தது. பின்னால் இழுத்து வரும் கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால், முன்பகுதி மேலெழும்பி, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டியவரை நசுக்கிவிடும். ஃபெர்கசனின் அமைப்பில் கீழே இரண்டு தண்டுகள் கலப்பையை இழுக்கும். மேலே உள்ள ஒற்றைத் தண்டு, கலப்பை தடைபடும்போது டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். முன்சக்கரங்கள் நிலத்தில் அழுந்தும். உழும் வசதியோடு ஓட்டுபவரின் உயிர்க்காப்பும் அதனுள்ளேயே அடங்கியிருந்தது. மாஸ்ஸி ஃபெர்கசன் டிராக்டர்களைச் செய்யும் தொழிலகம் 1960இல் சென்னையில் தொடங்கப்பட்டபின் அவ்வமைப்பு நம் வயல்களிலும் பரவியது.

இப்போது அதே மூன்று தண்டுகளில் நீண்ட கையை மாட்டி, அதன் நுனியில் சுமையைத் தொங்கவிடுகிறோம். என்ன நிகழ்கிறது? முன்னோக்கித் தள்ள வேண்டிய மேல்தண்டு பின்னோக்கி இழுக்கப்படுகிறது. முன்சக்கரங்களை அழுத்த வேண்டிய அமைப்பு அவற்றை மேலே தூக்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர் என்று கொள்வோம். பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 400 கிலோ தொங்கினால், முன்சக்கரங்களின்மேல் உள்ள எடையில் 400 கிலோ குறைந்துவிடும். 3 மீட்டர் பின்னால் தொங்கினால் குறைவது 600 கிலோ. வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களில் இல்லையெனில் ஸ்டியரிங் பயன்படாது என்பது பொது விதி. விற்பனைத் தாளில் 1,000 கிலோ தூக்கும் என்று எழுதியிருந்தால், அது தண்டுகளின் முனையையோ அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள ஓர் இடத்தையோ வைத்துச் சொன்ன கணக்கு. நாம் நீட்டிய கையின் நுனிக்கு அது பொருந்தாது. துளையின் சுவரில் குழாய் சிக்கிக்கொண்டாலோ எந்தக் கணக்கும் நில்லாது.

ஒருவர் செய்த பொருளோடு வேறொன்றை நாம் இணைக்கும்போது அதன் ஆற்றல் நமக்குக் கிடைக்கிறது. அதைச் செய்தவரின் முன்யோசனை கிடைப்பதில்லை. அதனை நாமே புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். புனித அக்குவினா தோமையார் கலையையும் முன்மதியையும் பிரித்துக் காட்டியது இங்கே நமக்கு உதவுகிறது. கலை என்பது செய்யப்படும் பொருளைப் பற்றிய நேரிய அறிவு. முன்மதி என்பது செயலைப் பற்றிய நேரிய அறிவு. கைவினைஞரை அவருடைய வேலையின் தரத்துக்காகப் புகழ்கிறோம்; அவருடைய மனம் நேரியதா என்று கேட்பதில்லை. முன்மதிக்கோ நேரிய மனம் இன்றியமையாதது. வெல்டு பிசிறில்லாமல் அமைவது கலை. அதன் கீழே நிற்பவரை நினைத்து அதனைச் சோதிப்பது முன்மதி.

பெரிய தொழிற்சாலையில் இவ்விரண்டும் பலருக்குப் பங்கிடப்பட்டுள்ளன. வரைபவர் ஒருவர், செய்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர். சுமை தூக்கும் இயந்திரங்களைத் தகுதி வாய்ந்தவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும், தாங்கும் எடையை அவற்றின்மீது தெளிவாக எழுத வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அச்சட்டம் தொழிற்சாலையின் மதிலோடு நின்றுவிட்டது. வயல்வெளியில் வரைபவர், செய்பவர், சோதிப்பவர் எல்லாரும் ஒருவரே. அவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல ஒருவரும் இல்லை.

"கீழே நிற்பவர் அறிந்துதானே நிற்கிறார்?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் மறுமொழி. நாள் கூலிக்கு வந்தவர் அறிந்துதான் நிற்கிறார். ஆனால் மறுத்தால் நாளை அழைக்கமாட்டார்கள் என்பதையும் அறிந்து நிற்கிறார். அத்தகைய இசைவைச் சுதந்திரமான இசைவு என்று கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் சிறிய சட்டம் ஒன்று உண்டு: புது வீடு கட்டுகிறவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். விழுந்தவர் கவனமாக நடந்தாரா, எச்சரிக்கப்பட்டாரா என்று அச்சட்டம் விசாரிக்கவில்லை. கட்டியவரிடமே பேசுகிறது.

நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் இத்தகைய கையைச் செய்திருந்த விவசாயி ஒருவரிடம் இந்தக் கைப்பிடிச் சுவரைக் கண்டோம். அவர் விவிலியத்தை நினைத்துச் செய்ததாகத் தோன்றவில்லை. கையின் நுனியிலிருந்து தரைவரை இறங்கும் இரு கால்களை அமைத்திருந்தார். குழாய்க்குள் குழாய் நழுவும் கால்கள். ஒவ்வொரு தூக்குக்குப் பின்பும் அவற்றின் துளையில் பின் செருகிய பிறகே கிளாம்பை இறுக்க ஆள் போகலாம். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டோம். "ஆயிலை நம்பி ஆளை நிறுத்தக் கூடாதுங்க சாமி. ஹோஸ் வெடிக்கிறப்ப சொல்லிட்டா வெடிக்குது?" என்றார். தொடக்கத்தில் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிப் பற்றவைக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்களாம். அந்த உறுதியான எஃகு சாதாரண வெல்டிங்கில் பக்கத்திலேயே விரிந்துவிடும் என்று கேட்டறிந்து, சாதா இரும்பே போதும் என்றிருக்கிறார். ஆளை அழைக்குமுன் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு ஓர் இரவு முழுதும் அப்படியே விட்டுப் பார்த்தாராம்.

இதற்கு விலை இல்லாமலில்லை. 300 அடிக் குழாய்க்கு 75 தூக்குகள். பின் செருகி எடுக்க ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒன்றேகால் மணி நேரம் கூடுகிறது. பயிர் வாடிக்கொண்டிருக்கிறது, பொழுது சாய்கிறது, மின்சாரம் வருவதற்குள் மோட்டார் இறங்கியாக வேண்டும். "இந்த ஒரு முறை மட்டும்" என்னும் சொல் பிறப்பது அந்த வேளையில்தான். நாற்பதாவது தூக்கிலோ எழுபதாவது தூக்கிலோ, களைத்த கை பின்னை எடுக்காமல் விடும் அந்த நொடியில்தான் கருவியைச் செய்தவரின் மனம் உண்மையாகவே சோதிக்கப்படுகிறது. மணல் மூட்டைச் சோதனை அதற்கு முன் மிக எளிது.

இரவல் என்று ஒன்றும் நம் ஊர்களில் உண்டு. ஏணியும் கடப்பாரையும் வீடு வீடாகப் போவதுபோல் இக்கையும் போகும். செய்தவருக்கு அதன் எல்லை தெரியும். வாங்கிப் போகிறவருக்குத் தெரியாது. கொடுக்க மறுத்தால் அண்டை வீட்டார் பகை; கொடுத்தால் யாரோ ஒருவரின் தலை. அந்த விவசாயி கையின் பக்கவாட்டில் வெள்ளை வண்ணத்தில் 400 என்று எழுதி வைத்திருந்தார். எழுதியது போதுமா என்று கேட்டோம். படிக்கத் தெரிந்தவரும் அவசரத்தில் படிப்பதில்லை என்று சொன்னார். ஆகவே கையை மட்டும் எவருக்கும் தருவதில்லையாம். கேட்டவர் வயலுக்குத் தாமே டிராக்டரை ஓட்டிச் சென்று, கடைசிக் குழாய் வெளியே வரும்வரை நெம்புகோலைத் தம் கையிலேயே வைத்துக்கொள்கிறார். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொள்வாராம்.