கொம்பு முளைத்தவர்கள்

“அவருக்கு மட்டும் என்ன, தலையில் கொம்பா முளைத்திருக்கிறது?” என்று கேட்பது நம்மவர் வழக்கம். மனிதன் தலையில் முளைக்காத அந்தக் கொம்பு, சில வண்டுகளின் தலையில் மெய்யாகவே முளைக்கிறது. “இயற்கையே உயர்வு தாழ்வை வகுத்துவிட்டது, சிலர் ஆளப் பிறந்தவர், சிலர் அடங்கப் பிறந்தவர்” என்போர் உண்டல்லவா? அவர்தம் வழக்கை அந்த வண்டிடமே கொண்டு செல்வோம், தோழர்களே!

பனாமா நாட்டுக் காட்டிலே ‘ஆந்தோஃபேகஸ் அக்யூமினேட்டஸ்’ எனும் சிறு சாணவண்டு வாழ்கிறது. ஆண்களில் இரு வகை. பெரியவற்றின் தலையில் இரண்டு நீண்ட கொம்புகள். சிறியவற்றுக்கோ பெயருக்குத்தான் கொம்பு. பெண்வண்டு இருக்கும் சுரங்கத்தின் வாயிலில் கொம்பன் காவல் நிற்கிறான். எதிரி வந்தால் முட்டித் தள்ளுகிறான். கொம்பில்லாதவன் பக்கவாட்டில் தனிவழி தோண்டி உள்ளே நுழைகிறான்.

கொம்பன் மகன் கொம்பன்தானா? டக்ளஸ் எம்லென் என்னும் அறிஞர் வண்டுகளை வளர்த்துச் சோதித்து, 1994ஆம் ஆண்டில் விடையளித்தார். தந்தையின் கொம்பு மகனின் கொம்பைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது, புழுப்பருவத்தில் கிட்டிய உணவு! மண்ணுக்குள் சேர்த்துவைக்கப்பட்ட சாணமே புழுவின் முழுச் சாப்பாடு. அது மிகுந்தால் உடல் பெருக்கிறது. உடல் ஓர் அளவைத் தாண்டினால் கொம்பு நீள்கிறது. குறைந்தால், கொம்பு இல்லை. வண்டாக வெளிவந்தபின் வயிறு புடைக்கத் தின்றாலும் ஒரு மயிரிழையும் வளராது. பிறவிப் பெருமை என்று தோன்றியது, பந்தியில் கிடைத்த பங்கின் விளைவு!

அப்படியானால் வண்டு நமக்கு வழிகாட்டியா? இல்லை. வேறோர் உயிரினத்தில் கொம்பு பரம்பரையாகவே வருமென்று ஆய்வு காட்டினால், மனிதச் சமத்துவத்தைக் கைவிட்டுவிடுவோமா? கைவிடோம்! எது இருக்கிறது என்று இயற்கை காட்டும். எது இருக்கவேண்டும் என்பதை மனிதன்தான் சிந்தித்து முடிவுசெய்ய வேண்டும். வண்டுக்குப் பங்கிடத் தெரியாது. அதைப் பழிப்பதில் பொருளில்லை. நமக்குத் தெரியும், ஆகவே பொறுப்பும் நம்முடையதே.

வகுப்பின் கடைசிப் பலகையில் தலை கவிழ்ந்திருக்கும் சிறுவனை, “பிறவி மந்தம்” என்று தீர்ப்பளிக்க ஒரு நொடி போதும். “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்கவும் ஒரு நொடியே தேவை. ஆசிரியராகிய நாம் முதலில் கேட்கவேண்டியது இக்கேள்வியைத்தான். வண்டுக்கு வளரும் காலம் ஒன்றே ஒன்று. குழந்தைக்கும் அக்காலம் நீண்டதன்று. அது கழிவதற்குள் சோறும் கல்வியும் அவனைச் சென்றடையட்டும்.