முடியாததும் செய்யாததும்

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுப் பால்கனிக் கண்ணாடியில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. தேராவில் முத்தீனா பக்கம் நாங்கள் குடியிருப்பது நான்காவது மாடி. மகள் ஓடிப்போய்ப் பார்த்தாள். தரையில் ஒரு தவிட்டுப்புறா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கழுத்தில் கரும்புள்ளிகள் போட்ட சின்னப் புறா. அலகு திறந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. வெளியே தரை கால் வைக்க முடியாத சூடு.

புறாக்கள் வரக்கூடாது என்று கட்டடக்காரர்கள் எல்லாப் பால்கனிகளுக்கும் வலை அடித்திருக்கிறார்கள். எங்கள் வலையில் ஒரு மூலை அறுந்து ஆறு மாதமாகிறது. அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"யாருக்குப்பா போன் பண்ணணும்?" என்றாள் மகள். பன்னிரண்டு வயது, துபாயில் பிறந்தவள். எதற்கும் ஓர் எண் இருக்கும் என்று நம்பும் தலைமுறை. "ஏங்க, வெறுங்கையால தொடாதீங்க" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். பழைய துண்டு ஒன்றை எடுத்து அதைப் போர்த்தித் தூக்கினேன். செருப்பு வாங்கி வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டைகள் போட்டு, துண்டோடு உள்ளே வைத்து, மூடி, கூடத்தின் இருட்டு மூலையில் வைத்தோம். "தண்ணி குடுக்க வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அதை நான் கற்றுக்கொண்டதற்கு ஓர் அணில் உயிரைக் கொடுத்திருக்கிறது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது கொல்லைத் தென்னையிலிருந்து விழுந்த அணில் குஞ்சு ஒன்றைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டு எடுத்து வந்தேன். கொட்டாங்குச்சியில் பஞ்சு வைத்து அதைப் படுக்க வைத்தேன். அதன் முதுகுக் கோடுகள் ராமர் தடவிக் கொடுத்தவை என்று அப்பாயி சொன்னார். எனக்கும் சேதுவுக்கு மண் சுமப்பதுபோல ஒரு பெருமிதம். இங்க் பில்லரைக் கழுவி, பசும்பாலை அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பால் மூக்கு வழியாக வந்தது. நான் விடாமல் ஊட்டினேன். விடியும்போது அது விறைத்துக் கிடந்தது.

பல வருடம் கழித்துத்தான் ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். உடம்பு குளிர்ந்துபோன குஞ்சுக்கு முதலில் தேவை கதகதப்பு, உணவு அல்ல. குளிர்ந்த வயிறு எதையும் செரிக்காது. பசும்பால் அணிலுக்கு ஒத்துக்கொள்ளாது. வாயில் ஊற்றும் திரவம் நுரையீரலுக்குப் போனால் அதுவே போதும், முடிந்துவிடும். கண்ணாடியில் மோதி மயங்கிய பறவைக்கும் இதே விதிதான்: இருட்டு, அமைதி, காற்று. நாம் தள்ளி இருப்பதே பாதி வைத்தியம். நல்ல மனசு மட்டும் போதும் என்று நினைப்பவன் கையில் பில்லரைக் கொடுக்கக் கூடாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டிக்குள் ஏதாவது அசைகிறதா என்று இரண்டு முறை எழுந்து போய்க் காது வைத்துக் கேட்டேன். மூன்றாவது முறை எழுந்தபோது, கூடத்து இருட்டில் உட்கார்ந்திருந்தவனுக்குப் புறா மறந்து ஓர் ஆள் ஞாபகம் வந்தார்.

அது 2009. உலகப் பொருளாதார நெருக்கடி துபாயைப் பிடித்து ஆட்டிய வருடம். எனக்கு வேலை போய், விசா ரத்தாகி, வேறு வேலை தேடவோ ஊர் திரும்பவோ இருந்த ஒரு மாத அவகாசத்தில் பாதி கழிந்திருந்தது. நைஃபில் ஒரு பெட் ஸ்பேஸில் இருந்தேன். ஓர் அறையில் எட்டுப் பேர். அதுவும் கோடைதான். மதியம் ஒரு மணி இருக்கும். நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போய்விட்டு நைஃப் சாலை வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். பூட்டியிருந்த ஒரு கடையின் ஷட்டர் ஓரமாக, நீல நிற வேலை உடுப்பில் ஒருவர் கிடந்தார். வாய் திறந்திருந்தது. ஒரு கால் செருப்பு கழன்று தள்ளிக் கிடந்தது.

நின்றேன். நின்றேன் என்பதை மறைக்க முடியாது. அவரைப் பார்க்கவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் வசதி கிடைக்கவில்லை. தொட்டால் நாமும் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்று அறைக்கு வந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது உண்மையா என்று எங்களில் யாரும் விசாரித்ததில்லை. என் பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை. போலீஸ் வரும், பெயர் கேட்கும், பத்தாக்கா கேட்கும். குடித்திருப்பாராக இருக்கும் என்று மனசு ஒரு காரணத்தை நீட்டியது, வாங்கிக்கொண்டேன். வேறு சிலரும் கடந்து போனார்கள். நானும் போனேன். என் சட்டைப்பையில் போன் இருந்தது. 999 என்ற எண் எனக்குத் தெரியும்.

அவர் என்ன ஆனார் என்று தெரியாது. மறுநாள் அந்த ஷட்டர் திறந்திருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், ஒரு புறாவுக்காக மூன்று முறை எழுந்தவனும் அன்று கடந்து போனவனும் ஒரே ஆள் என்பதுதான். அப்படியானால் புறாவின் மேல் காட்டியது என்ன? கருணையா, அல்லது கருணையின் விலை மலிவான பதிப்பா? புறாவுக்கு விசா இல்லை, பெயர் இல்லை, முதலாளி இல்லை. அது எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துக் கேட்காது. பிழைத்தால் பறந்துவிடும், செத்தால் பையில் போட்டுவிடலாம். மனிதன் அப்படி இல்லை. கை கொடுத்தால் அவன் கதையும் சேர்ந்து ஏறிக்கொள்ளும்.

தேராக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒரு சம்பவம் உண்டு. 2021 ஆகஸ்டில், எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஃப்ரீஜ் முராரில், சினைப்பூனை ஒன்று மாடிப் பால்கனியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே போனவர்கள் ஒரு துணியை விரித்துப் பிடித்தார்கள். பூனை கை நழுவி அதில் விழுந்து, எழுந்து ஓடியது. பக்கத்து மளிகைக் கடைக்காரர் அதைப் படம் பிடித்திருந்தார். துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமது அந்தக் காட்சியைத் தானே பகிர்ந்து, இவர்கள் யார், நன்றி சொல்ல வேண்டும் என்றார். ஆளைக் கண்டுபிடித்து ஆளுக்கு 50,000 திர்ஹம் கொடுத்தார்கள். கேரளத்துக்காரர்கள் இரண்டு பேர், ஒரு பாகிஸ்தானி, ஒரு மொராக்கோக்காரர். பஸ் ஓட்டுநர், கடைக்காரர், விற்பனையாளர், காவலாளி. அதற்கு முந்தின ஆண்டுதான் பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தான், தன் காரின் முன்பக்கம் ஒரு புறா கூடு கட்டியதால் குஞ்சு பொரிக்கும்வரை அந்தக் காரை எடுக்காமல் சுற்றி நாடா கட்டி வைத்திருந்தார்.

பூனைச் செய்தி வந்தபோது என் அலுவலகத்தில் இரண்டு கட்சி. நெகிழ்ந்து போனவர்கள் ஒரு பக்கம். பூனைக்கு அம்பதாயிரம், மனுஷனுக்கு என்ன என்று கேட்டவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சியில் சத்தமாகப் பேசினேன். இப்போது யோசித்தால், அந்தக் கேள்வியை அடுத்தவரைப் பார்த்துக் கேட்பது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. துணி பிடித்தவர்களுக்குப் பரிசு வரும் என்று அந்த நிமிடம் தெரியாது. அவர்கள் செய்தது சரி. பரிசு அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொடைமடம் என்பதற்கு எடுத்துக்காட்டு. மயில் போர்த்திக்கொள்ளுமா என்று கூட யோசிக்காத ஈரம். ஆனால் அந்தப் பாடத்தில் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணோடு வாழ்ந்தான். புறநானூற்றில் 143 முதல் 147 வரை அடுத்தடுத்து ஐந்து பாடல்கள் அதைப் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் போய், அழுதுகொண்டிருக்கும் அவளிடம் திரும்பிப் போ என்று கேட்கிறார்கள். பரிசில் வாங்க வந்த புலவர்கள், எங்களுக்கு நீ கொடுக்க வேண்டிய பரிசில் அதுதான் என்கிறார்கள்.

இதில் என்னை நிறுத்தியது பரணர் பேசும் முறை. மயிலுக்குக் கொடுத்தது போலி என்று அவர் சொல்லவில்லை. மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கியவனே என்றுதான் அவனை அழைக்கிறார். அந்த இரக்கத்தையே சாட்சியாக நிறுத்தி, அதன் பேரில் கேட்கிறார். உன்னால் முடியும் என்பதற்கு அந்தப் போர்வையே அத்தாட்சி.

ஏறக்குறைய 2,300 வருடங்களுக்கு முன் சீனத்தில் மென்சியஸ் என்ற ஞானியும் இதே இடத்தைத் தொட்டிருக்கிறார். சி நாட்டு மன்னர் சுவான், பலிக்கு இழுத்துச் செல்லப்படும் மாடு ஒன்றின் நடுக்கத்தைக் கண்டு பொறுக்காமல் அதை விடுவித்து, பதிலாக ஓர் ஆட்டைக் கொடுக்கச் சொன்னார். மன்னர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று ஜனங்கள் பேசினார்கள். மென்சியஸ் அப்படிப் பார்க்கவில்லை. நீங்கள் மாட்டைப் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்றார். பிறகு கேட்டார்: விலங்குவரை எட்டும் உங்கள் கருணை குடிமக்களை ஏன் எட்டவில்லை? மலையைத் தூக்கிக்கொண்டு கடலைத் தாண்டச் சொன்னால், அது முடியாதது. பெரியவர் ஒருவருக்காக ஒரு சின்ன வேலை செய்யச் சொன்னால், முடியாது என்பது பொய், அது செய்யாதது.

முடியாததற்கும் செய்யாததற்கும் நடுவில் இருக்கும் கோட்டை வளைகுடாவில் நாம் அழகாக அழித்து வைத்திருக்கிறோம். விசா, கடன், ஊரில் காத்திருக்கும் வீடு என்று எல்லாமே உண்மையான காரணங்கள். உண்மையான காரணங்கள் என்பதால்தான் ஆபத்து. அவற்றின் நிழலில் மூன்று எண்களை அழுத்துவதும் மலையைத் தூக்குவதாகத் தோன்றிவிடுகிறது. அந்த மனிதரை என் அறைக்குத் தூக்கிப் போயிருக்க முடியாது, மருத்துவச் செலவு செய்திருக்க முடியாது. அது மலை. அவரை நிழலுக்கு நகர்த்தி, பக்கத்துக் கடையில் சொல்லி, போன் செய்திருக்க முடியும். அது மலை இல்லை.

புறாவுக்குச் செய்தது அன்று செய்யாததைக் கழிக்காது. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவு செலவு போட்டுச் சரிக்கட்டக் கூடியவை அல்ல. ஆனால் புறாவைத் தூக்கியதும் வீண் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அது என்னை விடுவிக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. இந்தக் கைக்கு இது முடியும் என்று எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. பயிரின் வாட்டத்தைத் தன் வாட்டமாக உணர்ந்த வள்ளலார் அதோடு நிற்கவில்லை. 1867இல் வடலூரில் தருமசாலை வைத்து அடுப்பைப் பற்ற வைத்தார். பயிரில் தொடங்கிய இரக்கம் பசித்த மனிதனின் இலைவரை போனது. சின்ன உயிரிடம் காட்டும் இரக்கம் தொடக்கமாக இருக்கும்வரை அதில் குறையில்லை. அதுவே போதும் என்று நாம் உட்கார்ந்துவிடும்போதுதான் கோளாறு.

காலை ஆறு மணிக்குப் பெட்டியைப் பால்கனிக்கு எடுத்துப் போய், அறுந்த வலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தோம். புறா கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு விளிம்பில் ஏறி நின்றது, பறந்து எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டி மேல் உட்கார்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மகள் கை தட்டினாள்.

"நீங்க ராத்திரியெல்லாம் முழிச்சுட்டே இருந்தீங்கல்ல? புறா செத்துடும்னா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணில் அப்போது நான் பெரிய ஆள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நைஃப் சாலைக் கதையைச் சொன்னேன். வெயிலை, நீல உடுப்பை, கழன்ற செருப்பை, என் பாஸ்போர்ட்டை. குறைத்துச் சொல்லவில்லை.

அவள் உடனே எதுவும் பேசவில்லை. பெட்டியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ 999 இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சும்மா."