எல்லாருக்கும் ஒரே சூரியன்

அமெரிக்கக் கலைஞர் பெனலப்பி அம்ப்ரிகோ 2006இல் ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் சூரிய அஸ்தமனப் படங்களைத் தேடினார். 5,41,795 படங்கள் வந்தன. பலவற்றிலிருந்து சூரியனை மட்டும் வெட்டியெடுத்து, சாதாரண 4×6 அங்குலத் தாளில் அச்சிட்டு, காட்சிக்கூடச் சுவர் முழுக்க வரிசையாக ஒட்டினார். தேடலில் வந்த எண்ணையே தலைப்பில் வைத்தார். அடுத்தடுத்த கண்காட்சிகளில் அந்த எண் வளர்ந்துகொண்டே போனது: 2007இல் 23,03,057, 2011இல் 87,30,221.

உலகமே ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறதா என்ற ஏளனம் அந்தச் சுவரைப் பார்த்தால் வரும். அந்த 2011இலேயே எரிக் கெஸ்ஸல்ஸ் என்ற கலைஞர், அதே தளத்தில் 24 மணி நேரத்தில் ஏற்றப்பட்ட படங்களை அச்சிட்டு, ஆம்ஸ்டர்டாமின் ஃபோம் அருங்காட்சியகத்தில் மலையாகக் குவித்தார். திரையில் எடையில்லாமல் நகர்ந்து போனவை அங்கே காலில் இடறின. குவித்துப் பார்த்தால் நம் படங்கள் குப்பை, அடுக்கிப் பார்த்தால் நகல். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

அம்ப்ரிகோ வெட்டியபோது வெளியே விழுந்தவை எவை? கடற்கரை, மலைமுகடு, மின்கம்பி, பக்கத்தில் நின்ற ஆள். தேடுபொறிக்குத் தெரிவது ஒத்துப்போகிறவை மட்டும். அன்று மாலை எதற்காக அங்கே போனோம், யாரோடு போனோம் என்பது எடுத்தவருக்கே தெரியும். அதற்கு ஹேஷ்டேக் கிடையாது.

அஸ்தமனத்தின் முன் நின்ற மனிதர்களின் படங்களையும் அம்ப்ரிகோ பின்னர் திரட்டினார். கேமரா சூரியனின் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டதால், முன்னால் நின்றவர்கள் கரிய நிழலுருவங்களாகிவிட்டார்கள். சமூக ஊடகத்தின் அளவுகோலும் இதுதான்: எது அதிகம் மின்னுகிறதோ அதற்கே அளவு வைக்கிறது. அந்த அளவுக்கு நம் படங்களை நாமே திருத்தத் தொடங்கினால், முதலில் இருண்டுபோவது அருகில் நிற்பவரின் முகம்.

ஆனாலும் மனிதர்கள் விடவில்லை. அத்தனை சூரியன்களும் ஒன்றுபோலத்தான் என்று காட்டும் அந்தச் சுவரின் முன்னாலேயே நின்று பார்வையாளர்கள் தங்களைப் படமெடுத்து, அதே தளத்தில் ஏற்றினார்கள். அவையும் அம்ப்ரிகோவின் இன்னொரு படைப்பாயின. புதிதாக எதையோ காட்டத்தான் படமெடுக்கிறோம் என்றால் இந்தப் பழக்கம் என்றோ நின்றுபோயிருக்கும். இந்த வேளையில் நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசைதான் கையைக் கேமராவுக்குக் கொண்டுபோகிறது. அந்த ஆசை எல்லாருக்கும் ஒன்று; அதனால் படங்களும் ஒன்றுபோல் இருக்கின்றன. அதில் இழிவு எதுவும் இல்லை.

சூரியன் பொது. அதைப் பார்த்து நின்ற மாலை பொது அல்ல. ஒரு படத்தில் நமக்கே உரியது எது என்று கேட்டால், எந்தத் தேடலிலும் அகப்படாத அந்தப் பகுதிதான்.