பக்கத்தில் உட்காரும் நேரம்

அப்ரைசல் முடிந்த வாரம். பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகத்தில் மேனேஜர் என்னை அழைத்து, குழுவில் நான்கு வருடமாக இருக்கும் ஒரு பெண்ணை பி.ஐ.பி.யில், அதாவது கெடு வைத்து வேலைத்திறனைக் கண்காணிக்கும் திட்டத்தில், போடச் சொன்னார். மூன்று ரிலீஸாக அவர் வேலை தாமதம். “அந்தச் சம்பளத்துக்கு ரெண்டு மாசத்துல நல்ல ஆளா எடுத்துடலாம்” என்றார்.

இரண்டு மாதம் போதாது. வருகிறவர் பழைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸை முடிக்க வேண்டும். நடுவில் வேறு ஆஃபர் கிடைத்தால் வரவே மாட்டார். வந்தாலும், வேலை தெரிந்த ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிந்திவிட்ட திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று, ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்.

எனக்கு அதைவிட நெருக்கமானது டென்மார்க்கின் பீட்டர் நவுர் 1985-ல் எழுதிய கட்டுரை. ஒரு குழு எழுதிய கம்பைலர், விரிவாக்கத்துக்காக இன்னொரு குழுவுக்குப் போகிறது. நிரல் கையில் இருக்கிறது, விரிவான ஆவணங்களும் இருக்கின்றன. ஆனாலும் புதியவர்கள் யோசித்த மாற்றங்கள் பல, அதன் அமைப்பையே குலைக்கக்கூடியவை. எழுதியவர்களுக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது. நிரலைப் பற்றிய புரிதல் ஆளின் மனதில்தான் வாழ்கிறது என்கிறார் நவுர். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்க நாம் இரண்டு வாரம் நடத்தும் கே.டி.யில் அது கைமாறுவதில்லை. எங்கள் பில்லிங் மாட்யூலில் எந்த வாடிக்கையாளருக்காக எந்த விதிவிலக்கு நுழைந்தது என்பது எந்த ஆவணத்திலும் கிடையாது.

அந்தப் பெண்ணின் டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருடமும் சின்னச் சின்னப் பிழைதிருத்தம். முழு அமைப்பையும் அவருக்கு யாரும் காட்டியதே இல்லை. நானும் காட்டவில்லை. பி.ஐ.பி.யைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டு, தினமும் காலையில் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பில்லிங் நிரலை அவர்தான் எனக்கு விளக்க வேண்டும். முதல் சில வாரம் இருவருக்குமே கஷ்டம். மூன்றாவது மாதம் ஒருநாள், “இந்த வரிக் கணக்கை இங்க வெச்சதே தப்புங்க” என்றார். அவர் சொன்னது சரி. அதை அங்கே வைத்தவன் நான்.

புது ஆள் எடுத்தால் கம்பெனியின் பணம் போகும். இருப்பவரை வளர்த்தால் என் நேரம் போகும். ஆளை மாற்றும் யோசனை எங்களுக்கு அவ்வளவு சுலபமாக வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

எல்லோரையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இது நடப்பதற்கு முந்தைய வருடம் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினேன். செய்த தவறுகளை மறைப்பார், பழி அடுத்தவர் மேல் விழும். முடிவெடுக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் நல்ல வேலைக்காரர்கள் இரண்டு பேர் பேப்பர் போட்டு விலகிவிட்டார்கள். அவரை அனுப்பியது சரி என்றே இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவருக்கு எத்தனையோ மெயில் அனுப்பிய நான், ஏன் மறைக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாளும் கேட்கவில்லை.